எலக்ட்ரான் நெரிசலுக்குக் கணக்குப் போட்ட இர்விங் லாங்மியூர்

1931ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு காப்புரிமை வழக்கில் தீர்ப்பளித்தது. வானொலிக் குழலுக்குள் மிச்சமிருக்கும் காற்றை ஏறக்குறைய முழுமையாக வெளியேற்றினால் குழல் சீராக வேலை செய்யும். இது ஒரு கண்டுபிடிப்பா, துறை அறிந்த யாருக்கும் தோன்றக்கூடிய சாதாரண விஷயமா என்பதுதான் கேள்வி. சாதாரண விஷயமே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1913இல் விண்ணப்பம் செய்து, 12 ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1925இல் கிடைத்த காப்புரிமை அன்றோடு செல்லாமல் போனது.

அந்தக் காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பாளர் இர்விங் லாங்மியூர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 22 ஆண்டுகள் உழைத்திருந்த வேதியியலாளர். தீர்ப்பு வந்த மறு ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது வேறொரு ஆய்வுக்காகக் கிடைத்த பரிசு. நீதிமன்றம் தள்ளிய அந்தப் பழைய வேலைதான் வானொலிக்கும் எக்ஸ்ரே குழலுக்கும் அடித்தளம் போட்டது.

கண்ணாடி போட்ட பிறகு

லாங்மியூர் 1881 ஜனவரி 31ஆம் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். நான்கு மகன்களில் மூன்றாமவர். பிறந்ததிலிருந்தே பார்வை மங்கலாக இருந்தும் வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. 11 வயதில்தான் குறை தெரிந்து கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் ஒரே ஓர் அணு தடிமனுள்ள படலங்களைப் பற்றிப் பேசப்போகிறவர், சிறு வயதில் தூரத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க முடியாமல் வளர்ந்திருக்கிறார்.

தந்தையின் வேலை காரணமாக மூன்று ஆண்டுகள் பாரிஸில் படித்தார். வேதியியல் படித்த அண்ணன் ஆர்தர்தான் தம்பிக்கு வழிகாட்டி. வீட்டு அறையின் ஒரு மூலையில் சிறிய ஆய்வுக்கூடம் அமைக்க உதவியவரும் அவரே. 1898இல் தந்தை இறந்தார். 1903இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உலோகப் பொறியியல் பட்டம் பெற்ற லாங்மியூர், அங்கிருந்து ஜெர்மனியின் கோட்டிங்கன் சென்றார். வால்தர் நெர்ன்ஸ்டிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, சூடேறிய மின்கம்பியைச் சுற்றியுள்ள வாயுக்கள் எப்படிச் சிதைகின்றன என்று ஆராய்ந்து 1906இல் முனைவர் பட்டம் பெற்றார். சூடான கம்பியும் அதைச் சுற்றியுள்ள வாயுவும் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

ஊர் திரும்பியதும் நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டுகள் ஆசிரியர் வேலை. பாடம் நடத்தியதுபோக ஆய்வுக்கு நேரம் கிடைக்கவில்லை. 1909இல் கோடை விடுமுறையில் மட்டும் வேலை பார்க்கலாம் என்று ஸ்கெனெக்டடி நகருக்குப் போனார். அங்குதான் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடம் இருந்தது. விடுமுறை முடிந்தும் அவர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. 1950இல் ஓய்வு பெறும்வரை அதே இடம்தான்.

கறுத்துப்போன பல்ப்

அந்தக் காலத்து டங்ஸ்டன் பல்ப் கொஞ்ச நாளிலேயே உள்பக்கம் கறுத்துவிடும். உள்ளே சரியான வெற்றிடம் இல்லாததுதான் காரணம் என்று நினைத்த பொறியாளர்கள், இன்னும் நன்றாகக் காற்றை உறிஞ்சி எடுக்க முயன்றார்கள். லாங்மியூர் அதற்கு நேர்மாறாகப் போனார். வெவ்வேறு வாயுக்களை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே பல்புக்குள் விட்டு, என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்டார். ஆய்வுக்கூடத் தலைவர் வில்லிஸ் விட்னி அவரை அவசரப்படுத்தவில்லை. லாபம் தராத வேலைக்கு மூன்று ஆண்டு பொறுத்திருந்த முதலாளிகள் அன்றும் அபூர்வம்தான்.

முடிவில் தெரிந்தது இது: இழையிலிருந்து டங்ஸ்டன் ஆவியாகிப் போய்க் கண்ணாடியில் படிகிறது. வெற்றிடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது நிற்காது. நைட்ரஜன் போன்ற வாயுவை நிரப்பினால் ஆவியாவது குறையும். ஆனால் வாயு இழையின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கும் வழி கண்டார். இழையை நெருக்கமான சுருளாகச் சுற்றிவிட்டால் வெப்ப இழப்பு குறைகிறது. 1913இல் இந்த வாயு நிரப்பிய பல்ப் வெளிவந்தது. பிறகு நைட்ரஜனின் இடத்துக்கு ஆர்கான் வந்தது. மஞ்சள் வெளிச்சம் தந்த பழைய குண்டு பல்பை உடைத்துப் பார்த்தவர்கள் உள்ளே அந்தச் சுருளைக் கண்டிருப்பார்கள்.

வழியில் நின்ற கூட்டம்

பல்பு ஆராய்ச்சியின் நடுவேதான் எலக்ட்ரான் விவகாரம் வந்து சேர்ந்தது. சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வரும் என்பது அதற்கு முன்பே தெரியும். இழையின் சூடு ஏற ஏற, வெளிவரும் எலக்ட்ரான்கள் மளமளவென்று பெருகும் என்று இங்கிலாந்தின் ஓவன் ரிச்சர்ட்சன் கணக்கே கொடுத்திருந்தார். ஆனால் அறிஞர்கள் பலருக்கு ஒரு சந்தேகம். வெற்றிடம் சுத்தமாக ஆக, மின்னோட்டம் குறைந்துகொண்டே போனது. அப்படியானால் எலக்ட்ரான்கள் இழையிலிருந்து வரவில்லை, மிச்சமிருக்கும் வாயுவின் வேலைதான் இது என்று அவர்கள் எண்ணினார்கள். லீ டி ஃபாரஸ்ட் தமது ஆடியான் என்ற வானொலிக் குழலுக்குக் கொஞ்சம் வாயு கட்டாயம் வேண்டும் என்றே நம்பினார். மின்னழுத்தத்தை ஏற்றினால் அந்தக் குழல் நீலமாக ஒளிர்ந்து, சமிக்ஞை குழம்பிப்போகும்.

லாங்மியூர் இழையின் சூட்டைக் கூட்டிப் பார்த்தார். ஓர் அளவுவரை மின்னோட்டம் ஏறியது. அதற்குமேல் இழையை எவ்வளவு சூடாக்கினாலும் ஏறவில்லை. ஆனால் எதிரே இருந்த நேர்மின்வாயின் மின்னழுத்தத்தைக் கூட்டியதும் மறுபடி ஏறியது. இழை எலக்ட்ரான்களைத் தராமலில்லை, நடுவழியில் ஏதோ தடுக்கிறது என்பது இதிலிருந்து புலப்பட்டது.

தடுத்தவை எலக்ட்ரான்களேதான். எல்லா எலக்ட்ரான்களுக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். இழையை விட்டுக் கிளம்பியவை மறுமுனை போய்ச் சேருமுன் இடைவெளியில் மேகம்போல் நிறைந்துவிடுகின்றன. புதிதாகக் கிளம்புகிறவற்றை அந்த மேகம் இழைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இடைவெளியில் தேங்கும் இந்த மின்னூட்டத்துக்கு வெளிமின்னூட்டம் என்று பெயர். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயிலில் இன்னும் ஆயிரம் பேர் வந்து இறங்கினாலும் மேலே ஏறுகிறவர்களின் எண்ணிக்கை கூடாது. படிகளில் நிற்பவர்கள் நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு வழி.

வாயு இருந்தால் மின்னோட்டம் கூடுவதற்கும் இதிலேயே விடை கிடைத்தது. எலக்ட்ரான்கள் மோதும்போது வாயு மூலக்கூறுகள் நேர்மின் அயனிகளாக மாறும். கனமான அந்த அயனிகள் மெதுவாக நகர்ந்து, எலக்ட்ரான் மேகத்தின் நடுவே நின்று அதன் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடும். நெரிசலுக்குள் புகுந்து வழிவிடச் செய்யும் தொண்டூழியர்களைப்போல. ஆகவே வாயு எலக்ட்ரான்களைத் தரவில்லை, கூட்டத்தைத்தான் கலைத்தது.

1913இல் இதைக் கணக்கோடு அவர் வெளியிட்டார். இரண்டு தட்டையான தகடுகளுக்கு நடுவே பாயக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம், மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கைப் பொறுத்தது. மின்னழுத்தம் கூடினால் இடைவெளியில் நிற்கக்கூடிய மின்னூட்டமும் அதே விகிதத்தில் கூடுகிறது; எலக்ட்ரானின் வேகமோ அதன் வர்க்கமூல விகிதத்தில் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் ஒன்றரை அடுக்கு வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 100 வோல்ட் கொடுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.33 மில்லியாம்பியர்தான் எல்லை. மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் எட்டு மடங்கு கிடைக்கும். இடைவெளியைப் பாதியாகக் குறைத்தால் நான்கு மடங்கு கிடைக்கும்.

இதே சூத்திரத்தை 1911இலேயே கிளமென்ட் சைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நேர்மின் அயனிகளுக்காக எழுதிவிட்டார். அதனால்தான் பாடநூல்களில் இன்று சைல்ட்-லாங்மியூர் விதி என்று இருவர் பெயரும் நிற்கின்றன. ஜெர்மனியில் வால்டர் ஷாட்கியும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆனால் எலக்ட்ரான்களுக்கு இதைப் பொருத்தி, சுத்தமான வெற்றிடத்திலும் மின்னோட்டம் பாயும் என்று சோதனையில் காட்டியவர் லாங்மியூர்.

பலன் உடனே கிடைத்தது. அதே ஆய்வுக்கூடத்தின் வில்லியம் கூலிட்ஜ், 1913இல் சூடான டங்ஸ்டன் இழையும் உயர் வெற்றிடமும் கொண்ட எக்ஸ்ரே குழலைச் செய்தார். மருத்துவர்கள் கதிரின் அளவைத் தாங்கள் விரும்பியபடி கூட்டிக் குறைக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். நீல ஒளி வராத வானொலிக் குழல்களும் வந்தன. குழல்களிலிருந்து காற்றை வேகமாக வெளியேற்ற 1916இல் பாதரச ஆவிப் பம்பு ஒன்றையும் லாங்மியூரே வடிவமைத்தார்.

நீதிமன்றத்தில்

அதே நேரத்தில் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்ட்.டி. தரப்பில் ஹரால்ட் ஆர்னால்ட் என்பவரும் உயர் வெற்றிடக் குழலை உருவாக்கியிருந்தார். யார் முதலில் என்று இரண்டு பெரிய நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் மோதின. லாங்மியூர் பக்கம் காப்புரிமை வந்ததும், டி ஃபாரஸ்ட் பெயரிலான வானொலி நிறுவனத்துடன் வழக்கு தொடங்கியது. முதல் நீதிமன்றத்தில் தோல்வி, மேல்முறையீட்டில் வெற்றி, உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தோல்வி.

லைப்சிக் நகரின் யூலியஸ் லிலியன்ஃபெல்ட் போன்றவர்களின் வெளியீடுகளிலிருந்தே இந்த அறிவு துறையினருக்குக் கிடைத்துவிட்டது, அதை நடைமுறைப்படுத்தியது கண்டுபிடிப்பு ஆகாது என்பது நீதிமன்றத்தின் நோக்கு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் 1912இல் டி ஃபாரஸ்டே வாயு வேண்டும் என்று நம்பியிருந்த ஒரு விஷயத்தை, 1931இல் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று சொல்வது கொஞ்சம் எளிது.

ஸ்டாக்ஹோமில் 1932இல் அவருக்குக் கிடைத்த நோபல், மேற்பரப்பு வேதியியலுக்கானது. உலோகத்தின் மேலும் தண்ணீரின் மேலும் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் படலங்கள் எப்படிப் படிகின்றன என்று அவர் காட்டியிருந்தார். அதற்கும் ஆரம்பம் அந்தப் பல்பு இழைதான்.

பிளாட்ஜெட் என்ற பெண்

லாங்மியூர் கதையில் கேத்தரின் பிளாட்ஜெட்டை விட்டுவிட முடியாது. ஸ்கெனெக்டடி ஊர்ப் பெண். அவருடைய தந்தை ஜெனரல் எலெக்ட்ரிக்கில் காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர். மகள் பிறக்கும் முன்பே கொலையுண்டார். 1918இல் அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் பெண் விஞ்ஞானியாக அவர் சேர்ந்தார். லாங்மியூருடன் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, நடுவில் கேம்பிரிட்ஜ் சென்று 1926இல் அங்கே இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். ஒளியைப் பிரதிபலிக்காத கண்ணாடியை 1938இல் உருவாக்கியவரும் இவரே.

வெளிமின்னூட்டக் கணக்கைத் தட்டையான தகடுகளிலிருந்து மற்ற வடிவங்களுக்கு இவர்கள் இருவரும் கொண்டுபோனார்கள். 1923இல் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் உருளைகள். 1924இல் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கோளங்கள். இந்தக் கோளக் கணக்குக்கு நேரான விடை கிடையாது. தொடராக எழுதி, எண்களைக் கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டார்கள். கணினி இல்லாத காலம்.

அப்போது வானொலிக் குழலில் கோளம் யாருக்குத் தேவை என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஊசியின் நுனியும் ஒரு சின்னக் கோளத்தின் பாதிதான்.

ஊசி முனை

உலோகத்தைச் சூடாக்காமலே எலக்ட்ரானை வெளியே இழுக்க முடியும். உலோகத்தை ஊசிபோல் கூராக்கி எதிரே மின்னழுத்தம் கொடுத்தால், மின்புலம் முழுவதும் அந்த நுனியில் குவிந்துவிடும். குளிர்ந்த நிலையிலேயே எலக்ட்ரான்கள் கிளம்பும். லாங்மியூரின் காப்புரிமைக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்ட அதே லிலியன்ஃபெல்ட், 1922இல் இப்படிப்பட்ட கூர்முனையை வைத்து எக்ஸ்ரே குழல் செய்து காட்டியிருந்தார். இதற்கான கோட்பாட்டை 1928இல் ஃபவுலரும் நார்ட்ஹைமும் தந்தார்கள். அதன்படி, மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டினாலே மின்னோட்டம் பல மடங்காகிவிடும்.

அப்படியானால் அது எல்லையில்லாமல் கூடிக்கொண்டே போகுமா? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் லின்ஃபீல்ட் என்ற சிறிய கல்லூரியில் வால்டர் டைக் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய ஆரமுள்ள டங்ஸ்டன் நுனிகள். நுனி உருகிவிடாதபடி, ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரத்துக்கு மட்டும் மின்துடிப்புகள். 1953இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, லாங்மியூரின் பழைய கூட்டத்தையே மறுபடி காட்டியது. மின்னோட்ட அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்குக் கோடி ஆம்பியர் என்ற அளவை எட்டும்போது, ஏறிவந்த கோடு மெல்லச் சாய்கிறது. வெளியே வந்த எலக்ட்ரான்கள் நுனியின் முன் நெருங்கி நின்று, அங்குள்ள மின்புலத்தைக் குறைத்துவிடுகின்றன. குறைந்த புலத்தில் அடுத்த எலக்ட்ரான்கள் கிளம்புவது குறைகிறது. சூடான இழையில் நடந்ததுதான் குளிர்ந்த ஊசியிலும் நடந்தது.

ஒரு வேறுபாடு உண்டு. தகட்டிலிருந்து கிளம்பும் கூட்டம் வழி முழுவதும் நெருக்கமாகவே போகும். ஊசி நுனியிலிருந்து கிளம்புவது, குறுகிய வாசல் வழியே வந்து திடலில் பரவும் கூட்டம்போல விரிந்துவிடும். நெரிசல் நுனிக்கு மிக அருகே மட்டும்தான். அதனால்தான் கூர்முனைகள் அத்தனை பெரிய அடர்த்தியைத் தாங்குகின்றன. அந்த எல்லையையும் தாண்டினால் முனை உருகும், தீப்பொறி பாயும், ஊசி போய்விடும்.

மழை பெய்யவைத்த முதியவர்

அந்த 1953இல் லாங்மியூருக்கு வயது 72. அவருடைய கவனம் அப்போது மேகங்களில் இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்தவை ஒன்றிரண்டல்ல. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் முயற்சியில் ஈடுபட்டார். ஹைட்ரஜன் அணுக்களை வைத்து உலோகத்தை ஒட்டும் முறையைக் கண்டார். மின்னேறிய வாயுவுக்கு பிளாஸ்மா என்று 1928இல் பெயர் வைத்தார். கடல் பயணத்தில் பாசிகள் வரிசை வரிசையாக மிதப்பதைப் பார்த்துவிட்டு, காற்று வீசும்போது நீர் எப்படிச் சுழல்கிறது என்று ஏரியில் சோதித்துக் கண்டுபிடித்தார். மலை ஏறுவார். நடுத்தர வயதில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

1946 நவம்பர் 13ஆம் தேதி, அவருடைய உதவியாளர் வின்சென்ட் ஷேஃபர் ஒரு சிறிய விமானத்தில் ஏறி, மாசசூசெட்ஸின் கிரேலாக் மலைப் பக்கம் ஒரு மேகத்தில் உலர் பனிக்கட்டியைத் தூவினார். மேகத்திலிருந்து பனி விழத் தொடங்கியது. வானிலையை மனிதன் மாற்றிவிடலாம் என்று லாங்மியூர் நம்பத் தொடங்கினார். 1947 அக்டோபரில் அட்லாண்டிக்கில் ஒரு சூறாவளியிலும் அதைத் தூவிப் பார்த்தார்கள். அது திசை திரும்பி ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா நகரைத் தாக்கியது. தங்கள் வேலையால்தான் திரும்பியது என்று லாங்மியூர் கருதினார். வானிலைத் துறையினர் மறுத்தார்கள். தூவும் முன்பே அது திரும்பத் தொடங்கிவிட்டது என்பது பின்னாளைய முடிவு.

ஆதாரம் போதாத இடத்திலும் அவர் பின்வாங்கவில்லை. அதே மனிதர்தான் 1953 டிசம்பரில், விஞ்ஞானிகள் தாங்கள் பார்க்க விரும்பியதையே பார்த்து ஏமாந்துபோவதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பிறருடைய ஏமாற்றங்களை வரிசையாக எடுத்துச் சொன்னார். தமது சூறாவளி அந்தப் பட்டியலில் இல்லை.

1957 ஆகஸ்ட் 16ஆம் தேதி, மாசசூசெட்ஸில் வூட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில் மாரடைப்பால் காலமானார். வயது 76. மனைவி மரியன், வளர்த்த மகனும் மகளும் இருந்தனர். அவர் பெயரில் 63 காப்புரிமைகள் பதிவாகியிருந்தன. வேதியியலாளர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 1985இல் தொடங்கிய மேற்பரப்பு ஆய்விதழ் அவர் பெயரிலேயே வெளிவருகிறது.